திராட்சைத் தேசத்தில் ஒரு கொலை: கொலையுண்டவரின் வாரிசுகளுக்கு உரியது எது?

துப்பறியும் நாவல் எமது கற்றோர் மத்தியில் பெரும்பாலும் பயணப் பொழுதைக் கழிப்பதற்கான நூலாகவே மதிக்கப்படுகின்றது. கவிதைக்கும் வரலாற்றுக்கும் சமய ஆய்வுக்கும் வழங்கப்படும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை. ஆனால், ஒரு கொலையை மையமாகக் கொண்டு எழுதப்படும் எந்தக் கதையும் நீதியைப் பற்றிய ஒரு கோட்பாட்டைத் தன்னகத்தே கொண்டிருக்கின்றது. யார் கொன்றார் என்ற வினாவுக்கு விடை கிடைத்த பின்னரும், கொன்றவரை என்ன செய்வது, கொல்லப்பட்டவருக்கு உரியோருக்கு எதைக் கொடுப்பது என்ற வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றுக்கு ஆசிரியர் அளிக்கும் விடையிலேதான் அவரது அறநோக்கு வெளிப்படுகின்றது.

இந்நோக்கில் நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்வது, ஆங்கில எழுத்தாளர் மார்ட்டின் வாக்கர் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ‘புரூனோ, காவல் தலைவர்’ என்னும் நாவலாகும். கார்டியன் நாளிதழின் செய்தியாளராக மாஸ்கோவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய வாக்கர், பிரான்சின் தென்மேற்கிலுள்ள பெரிகோர் பிரதேசத்தைத் தம் கதைகளுக்குக் களமாக்கிக்கொண்டார். பெர்ஜராக், மொன்பாசியாக் எனத் திராட்சை மதுவினால் பெயர்பெற்ற ஊர்களைக் கொண்ட பிரதேசம் அது. புரூனோவை நாயகனாகக் கொண்டு அவர் பின்னர் எழுதிய நாவல்கள் பல. இரண்டாவது நாவலே (2009) திராட்சைத் தோட்டங்களைப் பெயரிலும் பொருளிலும் கொண்டது. எனினும் முதல் நாவலே எமது கவனத்துக்கு உரியது. அதில் கொல்லப்படுபவர் ஓர் அல்ஜீரிய முஸ்லிம் முதியவர். நாவலின் நீதியைப் பற்றிப் பேச வேண்டுமாயின் அதன் முடிவைச் சொல்லாமல் இயலாது. ஆதலால் மர்மம் குலையாமல் வாசிக்க விரும்புவோர் நாவலை முதலில் வாசித்துவிட்டு இக்கட்டுரைக்குத் திரும்புதல் நன்று.

கதையின் அமைப்பு

வெசேர் ஆற்றங்கரையில் சாந்-தெனி என்ற கற்பனை ஊர். அதன் நகரசபைக் காவலர் புரூனோ. பொஸ்னியாவில் ஐக்கிய நாடுகள் படையில் பணியாற்றித் திரும்பியவர், அநாதையாக வளர்ந்தவர், ஊரையே குடும்பமாக ஏற்றுக்கொண்டவர். வாராந்தச் சந்தை, வீட்டில் வடிக்கப்படும் வாதுமை மது, வாத்து ஈரல், ரக்பி ஆட்டம், ஒருவரையொருவர் கன்னத்தில் முத்தமிட்டு நலம் விசாரித்தல் என நாவலின் தொடக்கம் ஓர் ஊரின் இனிய நாட்களை அடுக்கிக்கொண்டே செல்கின்றது. அவ்வேளையில், ஊருக்கு வெளியே தனித்து வாழ்ந்த ஹமீத் அல்-பக்ர் என்ற முதியவர் கொல்லப்பட்டுக் கிடக்கின்றார். அவரது மார்பில் நாஜிகளின் சுவஸ்திகா கீறப்பட்டுள்ளது. பிரான்சுக்காகப் போரிட்டு அவர் பெற்ற போர்ச் சிலுவைப் பதக்கத்தையும், ஒரு பழைய உதைபந்தாட்டக் குழுவின் புகைப்படத்தையும் காணவில்லை.

சந்தேகம் இயல்பாகவே தீவிர வலதுசாரி இளைஞர் மீது விழுகின்றது. குடியேறிகளுக்கு எதிரானோர் ஊருக்குள் ஆர்ப்பாட்டம் செய்கின்றனர், கலகம் மூள்கின்றது. கொலையுண்டவரின் மகன் மோமு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். பேரன் கரீம் ஊர் ரக்பிக் குழுவின் நட்சத்திரம். அவனுடைய மனைவி கருவுற்றிருக்கின்றாள். இக்குடும்பத்தை வாசகர் நேசிக்கும்படியாக ஆசிரியர் எழுதியுள்ளார்.

ஆனால் மர்மம் விலகும்போது கதை திசை மாறுகின்றது. ஹமீத் என்று அறியப்பட்டவர் உண்மையில் வேறு பெயருடையவர். 1944ஆம் ஆண்டு, ஜேர்மானியருக்குத் துணையாகப் பெரிகோர் கிராமங்களைச் சூறையாடிய வட ஆப்பிரிக்கத் துணைப் படையொன்றில் அவர் இருந்தார். பின்னர் இறந்த ஒருவரின் அடையாளத்தை ஏற்று, பிரான்சை விடுவித்த படையில் சேர்ந்து போரிட்டார். அவரைக் கொன்றவர்கள் எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த இரு முதியவர்கள். ஒருவர் கம்யூனிஸ்ட் அணியினர். மற்றவர் தெகோலின் அணியினர். பல்லாண்டுகளாகத் தம்முள் பேச்சுவார்த்தையே இல்லாத இருவரையும் அந்தப் பழைய புகைப்படம் ஒன்றுசேர்த்தது. சுவஸ்திகா, பழியை வேறு பக்கம் திருப்புவதற்காகக் கீறப்பட்டது. உண்மையை அறிந்தபின், ஊரின் அமைதியையும் கொலையுண்டவரின் குடும்பத்தின் மானத்தையும் கருத்திற்கொண்டு, வழக்கு துப்புத் துலங்காத ஒன்றாகவே விடப்படுகின்றது.

வரலாறும் புனைவும்

இக்கதையின் அடிநாதமாக அமைந்த படை கற்பனையன்று. பாரிஸின் லொரிஸ்தோன் வீதியில் ஜேர்மானியருக்காக இயங்கிய குற்றக்கும்பலின் தலைவன் ஆன்றி லஃபோன், அல்ஜீரியரான முஹம்மத் அல்-மஆதி என்பவருடன் சேர்ந்து 1944இல் ‘வட ஆப்பிரிக்கப் படையணி’யை உருவாக்கினான். அதில் சேர்ந்தோர் ஏறத்தாழ முந்நூறு பேர். அதன் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிப் பெரிகோருக்கு வந்தவன் அலெக்சாந்தர் வில்லப்ளான். அல்ஜியர்ஸில் பிறந்த ஐரோப்பியனான இவன், 1930இல் உருகுவேயில் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் பிரான்ஸ் அணியின் தலைவனாக ஆடியவன். 1944 ஜூன் 11ஆம் நாள் முசிதான் என்ற சிற்றூரில் 52 பேர் கொல்லப்பட்ட படுகொலையில் இப்படையணிக்குப் பங்குண்டு. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் வில்லப்ளானும் லஃபோனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாவலில் வரும் உதைபந்தாட்ட வீரன் வில்லனோவாவின் பின்னால் நிற்பவன் இந்த வில்லப்ளானே என்பது தெளிவு.

இவ்வரலாற்றை எடுத்தாண்டமைக்காக ஆசிரியரைக் குறைகூற எமக்கு நியாயமில்லை. நடந்தது நடந்ததே. எம்மவருள் சிலர் கொடுமை செய்திருப்பின் அதனை மறுப்பது எமது மரபன்று. தமக்கும் தம் உறவினருக்கும் எதிராக அமையினும் சாட்சியத்தை நேர்மையாகச் சொல்லுமாறு அல்குர்ஆன் பணித்திருக்க, ஒரு நாவலில் முஸ்லிம் குற்றவாளி ஒருவர் வந்துவிட்டார் என்பதற்காக முகஞ்சுளிப்பது பொருந்தாது.

எனினும் அளவு என்பதும் நேர்மையின் ஒரு பகுதியே. முந்நூறு பேரின் கதைக்குப் பக்கத்தில் வேறொரு தொகை நிற்கின்றது. 1943 இறுதி முதல் இத்தாலியில் போரிட்ட பிரெஞ்சுப் படையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் இருந்தனர். அவர்களுள் பாதிக்கும் அதிகமானோர் மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா நாட்டு முஸ்லிம்கள். 1944 ஆகஸ்ட் 15ஆம் நாள் புரொவான்ஸ் கரையில் நிகழ்ந்த தரையிறக்கத்தை அடுத்து துலோனையும் மார்செய்யையும் மீட்டோரிலும் அவர்கள் பெருந்தொகையினர். 1945 மே 8ஆம் நாள், ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய அதே நாளில், அல்ஜீரியாவின் ஸத்தீஃபில் அவர்களது மக்கள் மீது துப்பாக்கிகள் திருப்பப்பட்டன. 1959ஆம் ஆண்டின் சட்டமொன்று குடியேற்ற நாட்டு வீரர்களின் ஓய்வூதியத்தை அன்றிருந்த மட்டத்திலேயே உறையச் செய்தது. ரஷீத் புஷாரபின் திரைப்படமொன்று 2006இல் வெளிவந்து நாட்டின் மனசாட்சியை அசைத்த பின்னரே போர் ஓய்வூதியங்களைச் சமப்படுத்த அரசு இணங்கியது.

வாக்கர் இதனை அறியாதவர் அல்லர். ஒரே மனிதரிடத்தில் இரண்டு வரலாறுகளையும் அவர் வைத்திருப்பதே நாவலின் உயர்ந்த சிந்தனை. அந்த முதியவரின் பதக்கம் போலியானதன்று; அதனை அவர் போர்க்களத்தில் பெற்றார். அவரது பெயர்தான் போலி. கொடுமை செய்த கையும் நாட்டை விடுவித்த கையும் ஒன்றே. அத்தகைய மனிதரை எந்தத் தராசில் நிறுப்பது? ஆனால் இவ்வினாவை எழுப்பிய ஆசிரியர் அதற்குள் நுழைவதில்லை. முதியவர் கதைக்குள் பிணமாகவே வருகின்றார். அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. அவர் ஏன் அப்படையில் சேர்ந்தார்? வறுமையா, வற்புறுத்தலா, பிரான்சின் எதிரி அல்ஜீரியாவுக்கு விடுதலை தருவான் என்ற மயக்கமா? அறுபதாண்டு அவர் எவ்வாறு உறங்கினார்? தவ்பா செய்தாரா? அவரைக் கொன்றவர்களுக்குத் தம் வேதனையைச் சொல்ல நாவலில் இடமுண்டு, அவருக்கு இல்லை. இச்சமமின்மை கவனிக்கத்தக்கது.

திராட்சைத் தோட்டமும் அல்ஜீரியரும்

திராட்சைத் தேசத்தை நாவல் ஒரு பழைமையான, கபடமற்ற உலகமாகக் காட்டுகின்றது. அங்கு குடியேறி வந்த முஸ்லிம் ஒரு புதியவன். அவனை ஊர் தன் மேசைக்கு அழைத்துக்கொள்கின்றது. ரக்பி ஆடுபவனாகவும், காப்பிக்கடை நடத்துபவனாகவும், குடியரசின் பள்ளி ஆசிரியனாகவும் அவன் ஏற்கப்படுகின்றான். மார்க்கமோ பெரும்பாலும் பின்னணியிலேயே நின்றுவிடுகின்றது.

ஆனால் பிரெஞ்சுத் திராட்சை மதுவுக்கும் அல்ஜீரியருக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. 1860களில் ஃபிலொக்ஸீரா என்ற பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு அழிக்கத் தொடங்கியது. அந்த இழப்பை ஈடுசெய்யக் குடியேறிகள் அல்ஜீரியாவின் வளமான சமவெளிகளில் திராட்சையைப் பயிரிட்டனர். மது அருந்தாத ஒரு சமூகத்தின் நிலம், மதுவுக்கான நிலமாக மாற்றப்பட்டது. கோதுமை விளைந்த மண்ணில், நிலமிழந்த முஸ்லிம் கூலியாளர் தாம் தொடக்கூடாத பானத்துக்கான பழத்தைப் பறித்தனர். விடுதலைக்குச் சற்று முன்னர் அல்ஜீரியா மது உற்பத்தியில் உலகின் நான்காவது நாடாகவும், ஏற்றுமதியில் முதல் நாடாகவும் விளங்கியது. அதில் பெரும்பகுதி பிரான்சுக்குச் சென்று, அந்நாட்டு மெலிந்த மதுவுக்கு நிறமும் திடமும் ஊட்டுவதற்காகக் கலக்கப்பட்டது. இம்மதுவின் போட்டிக்கு அஞ்சிய பிரெஞ்சு உற்பத்தியாளர் எழுப்பிய குரலும், எந்த ஊர் மது எந்தப் பெயரைத் தாங்கலாம் என்று வரையறுக்கும் சட்டங்கள் தோன்றுவதற்கு ஒரு காரணமாயிற்று. 1962இன் பின்னர் பிரான்ஸ் தன் கொள்வனவைச் சுருக்கியது; அல்ஜீரிய அரசும் காலப்போக்கில் தோட்டங்களில் பெரும்பகுதியைப் பிடுங்கியது.

ஆகவே, திராட்சைத் தேசத்தின் மேசையருகில் அமர்ந்திருக்கும் அல்ஜீரியர் அந்த மேசைக்குப் புதியவர் அல்லர். மதுவின் வரலாற்றை இத்துணை விருப்புடன் அறிந்த ஓர் ஆசிரியர், சாந்-தெனியின் கிண்ணங்களுக்குள் இவ்வரலாற்றின் ஒரு துளியையேனும் சேர்த்திருப்பாராயின், மோமுவும் கரீமும் விருந்தினராக அன்றி உரிமையாளராகவே நாவலில் நின்றிருப்பர்.

மௌனம் எனும் தீர்ப்பு

இனி, நாவலின் முடிவுக்கு வருவோம். கவிஞர் ஓடன் 1948இல் எழுதிய ஒரு கட்டுரையில், துப்பறியும் கதை என்பது குற்றத்தால் கறைபட்ட ஒரு சமூகம் மீண்டும் மாசற்ற நிலைக்குத் திரும்பும் கதை என்று விளக்கினார். குற்றவாளியைக் கண்டறிந்து வெளியேற்றுவதன் மூலம் ஊர் தூய்மையடைகின்றது. வாக்கரின் நாவலில் குற்றவாளி வெளியேற்றப்படுவதில்லை, உண்மையே வெளியேற்றப்படுகின்றது.

கொலையாளியை விட்டுவிடும் துப்பறிவாளர் புதியவர் அல்லர். அகதா கிறிஸ்டியின் ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலில் (1934) பொய்ரோ இரண்டு விளக்கங்களை முன்வைத்து, பொய்யான விளக்கம் ஏற்கப்படுவதற்கு வழிவிடுகின்றார். ஆயினும் அங்கு கொல்லப்பட்டவன் ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்றவன். அவனுக்காகக் கேட்க எவருமில்லை. இங்கோ ஒரு மகன் இருக்கின்றான், பேரன் இருக்கின்றான், பிறக்கவிருக்கும் ஒரு குழந்தை இருக்கின்றது.

இஸ்லாமியச் சட்ட மரபில் கொலை அரசுக்கு எதிரான குற்றமாக மட்டும் கருதப்படுவதில்லை. கொலையுண்டவரின் வாரிசுகளுக்கு அதில் நேரடியான உரிமையுண்டு. கிஸாஸ் கோருவதும், தியத் எனும் இழப்பீட்டை ஏற்பதும், முற்றாக மன்னிப்பதும் அவர்களது தெரிவு. மன்னிப்பதே மேலானது என அல்குர்ஆன் ஊக்குவிக்கின்றது. ஆனால் மன்னிப்பு வாரிசின் கையிலுள்ள கொடை. அவருக்குத் தெரியாமல் அவர் சார்பில் வேறொருவர் வழங்கக்கூடியதன்று. கொன்றவர் யார் என்பதையே அறியாதவர் எவ்வாறு மன்னிப்பார்? சாந்-தெனியில் நிகழ்வது இதுதான். ஊரின் நலத்தை நினைத்து, மோமுவின் மன்னிக்கும் உரிமையை அவனுக்குத் தெரியாமலே எடுத்துக்கொள்கின்றனர்.

புரூனோவுக்குச் சார்பாகவும் ஒரு வாதத்தை எமது மரபிலிருந்தே முன்வைக்கலாம். பிறரின் குறைகளை மறைத்தல், ஸத்ர், சிறந்த பண்பாகப் போற்றப்படுகின்றது. இறந்த தந்தையின் பழைய குற்றத்தை மகனிடமிருந்து மறைப்பது கருணையன்றோ? தம் தந்தையை வீரராக நினைத்து வாழும் மனிதனிடம் சென்று, அவர் கொடியவரோடு கூடியிருந்தார் என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன்? இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நாவலின் முடிவை வாசகர் மனநிறைவோடு ஏற்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் எமது அறிஞர்கள் இங்கு ஒரு வேறுபாட்டைப் பேணினர். அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலான பாவத்தை மறைப்பது வேறு. மனிதரின் உரிமை, ஹுகூகுல் இபாத், சம்பந்தப்பட்ட விடயத்தில் சாட்சியத்தை மறைப்பது வேறு. முதலாவது பண்பு, இரண்டாவது குற்றம். இந்நாவலில் மனிதரின் உரிமை இருமுறை சம்பந்தப்படுகின்றது. 1944இல் அழிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளான அவ்விரு முதியவர்களும் இரத்தத்துக்கு உரியோரே. போரின் பின்னர் பிரெஞ்சு அரசு 1951இலும் 1953இலும் பொதுமன்னிப்புச் சட்டங்களை இயற்றி, ஒத்துழைத்தோர் பலரின் கணக்கை மூடியது. அதற்காகப் பாதிக்கப்பட்டவர்களை வீடு வீடாகச் சென்று எவரும் கேட்கவில்லை. இரு முதியவரின் கத்தி அந்த மௌனத்திலிருந்தே பிறந்தது. இப்போது மோமுவின் குடும்பத்துக்கும் அதே மௌனம் பரிசாக வழங்கப்படுகின்றது. ஒரு மௌனம் உண்டாக்கிய கொலையை இன்னொரு மௌனத்தால் ஆற்ற முடியும் என்று நம்புவதே இந்நாவலின் பலவீனம்.

வரலாறும் இதற்குச் சாட்சி பகரும். திராட்சை மதுவின் தலைநகரான போர்தோவில், 1942 முதல் 1944 வரை மாவட்ட நிர்வாகத்தின் உயர் அதிகாரியாக இருந்தவர் மொரிஸ் பப்போன். யூதக் குடும்பங்களை நாடுகடத்தும் ஆணைகளில் அவரது கையொப்பம் இருந்தது. அது பேசப்படவில்லை. அவர் பதவி உயர்ந்து பாரிஸின் காவல்துறைத் தலைவரானார். 1961 ஒக்டோபர் 17ஆம் நாள் அமைதியாக ஊர்வலம் சென்ற அல்ஜீரியர்கள் அவருடைய காவலர்களால் கொல்லப்பட்டனர். பலரது உடல்கள் ஸேன் ஆற்றில் வீசப்பட்டன. அதுவும் நெடுங்காலம் பேசப்படவில்லை. 1981இல் ஒரு பத்திரிகை போர்தோ ஆவணங்களை வெளியிட்ட பின்னரே முதல் மௌனம் உடைந்தது. 1998இல் அதே போர்தோ நகரின் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. யூதருக்கு இழைக்கப்பட்டது 1940களிலேயே பேசப்பட்டிருப்பின், 1961இல் அவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பாரா? ஒருவரின் துயரை மறைப்பது அவரோடு நின்றுவிடுவதில்லை. அடுத்தவரின் வாசலுக்கும் அது வந்து சேர்கின்றது.

ஒரு பழைய முன்மாதிரி

கொலை மர்மக் கதை மேற்கில் தோன்றியது என்று கருதுவோருக்கு, ஆயிரத்தோர் இரவுகளிலுள்ள மூன்று ஆப்பிள்களின் கதையை நினைவூட்டலாம். திஜ்லா நதியிலிருந்து எடுக்கப்பட்ட பெட்டியில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கின்றது. கொலையாளியை மூன்று நாட்களில் கண்டுபிடிக்குமாறு கலீஃபா ஹாரூன் அர்-ரஷீத் வஸீர் ஜஃபருக்கு ஆணையிடுகின்றார். ஜஃபரால் இயலவில்லை. அவருக்குத் தண்டனை நிறைவேறவிருக்கும் வேளையில் ஓர் இளைஞனும் ஒரு முதியவரும் கூட்டத்திலிருந்து வெளிப்பட்டு, ஒவ்வொருவரும் தாமே கொன்றதாகச் சொல்கின்றனர். இளைஞன் அப்பெண்ணின் கணவன்; முதியவர் அவளுடைய தந்தை. ஓர் அடிமையின் பொய்யே கொலைக்குக் காரணம் எனத் தெரியவருகின்றது. அந்த அடிமையைத் தேடும் ஜஃபர், கடைசியில் தம் சிறு மகளின் உடையில் அந்த ஆப்பிளைக் காண்கின்றார். அடிமை அவருடைய வீட்டைச் சேர்ந்தவன்.

இக்கதையின் நீதி இன்றைய அளவுகோலில் குறையற்றதன்று. மனைவியைக் கொன்றவன் எளிதில் மன்னிக்கப்படுகின்றான். எனினும் அதில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. உண்மை அனைவர் முன்னிலையிலும் சொல்லப்படுகின்றது. கொலையுண்ட பெண்ணின் தந்தை அங்கு நிற்கின்றார். தேடிச் சென்ற அதிகாரியின் சொந்த வீட்டு வாசலிலேயே விசாரணை வந்து முடிகின்றது. மன்னிப்பு அதன் பின்னரே. புரூனோவின் விசாரணையும் அவர் நேசிக்கும் ஊரின் வாசலுக்கே வருகின்றது. ஆனால் அந்த வாசலில் அவர் நின்றுவிடுகின்றார்.

எமது மதிப்பீடு

இக்குறைகளுக்கு அப்பாலும் இது வாசிக்கத்தக்க நாவல் என்பதே எமது முடிவு. ஐரோப்பாவின் சனரஞ்சகப் புனைகதைகளில் முஸ்லிம் பெரும்பாலும் வன்முறையாளனாகவோ, மீட்கப்பட வேண்டிய பெண்ணாகவோ வந்துபோன காலத்தில், ஒரு கணித ஆசிரியரையும் அவரது குடும்பத்தையும் மரியாதையுடன் படைத்தவர் வாக்கர். வெறுப்பு அரசியல் ஒரு சிற்றூரை எவ்வாறு பிளக்கின்றது என்பதை அவர் தெளிவாகக் காட்டுகின்றார். பெரும்பாலான வாசகர் கேள்விப்பட்டிராத ஒரு வரலாற்றை அவர்களிடம் சேர்த்துள்ளார். விறுவிறுப்புக் குன்றாமல் இவ்வளவையும் செய்வது சிறிய காரியமன்று.

ஆயினும், அவர் மோமுவை இன்னும் சற்று நம்பியிருக்கலாம் என்பதே எமது ஆதங்கம். உண்மையைத் தாங்க இயலாதவர்களாகச் சிறுபான்மையினரைக் கருதிப் பாதுகாப்பதும் ஒருவகையில் அவர்களைத் தாழ்த்துவதே. மகன் உண்மையை அறிந்து, அவ்விரு முதியவர்களின் எதிரில் சென்று அமர்ந்து, தம் தந்தையின் குற்றத்துக்காகத் துயருற்று, தம் தந்தையின் கொலைக்காக நியாயம் கேட்டு, பின்னர் தானே முடிவெடுக்கும் ஒரு காட்சி இந்நாவலில் எழுதப்படாமற் போயிற்று. அவன் மன்னித்திருக்கலாம், மன்னியாதும் இருந்திருக்கலாம். எதுவாயினும் அது அவனுடைய முடிவாக இருந்திருக்கும். திராட்சைத் தேசத்தின் மேசையில் அவனுக்கு உண்மையான இருக்கை கிடைத்திருப்பதும் அக்காட்சியிலேதான்.